முதுகு காட்டி வந்த படகு

மலைப்பாதையின் கடைசி வளைவில் பஸ் திரும்பியதும் ஏரி தெரிந்தது, "அம்மா, அங்க பாருங்க!" என்று வாலு கத்தினாள், பஸ்ஸில் இருந்த மொத்தப் பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அங்கேதான் போன வாரம் கதையை நிறுத்தி, அவர்களை விட்டுவிட்டு வந்தேன். மனசே இல்லாமல்தான் விட்டேன். இந்த வாரம் அவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கியாக வேண்டும், அதற்கும் மனசு வரவில்லை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாலுவின் அம்மாதான் டெய்லரம்மா. அவள் கணவர் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் சுமந்து போடுகிறவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, "ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வரவில்லை. போலீசில் புகார் கொடுத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விசாரிப்பதையும் நிறுத்திய பிறகுதான் அந்தப் போட்டோ வந்தது. மகனுடைய பேன்ட்டை உயரம் குறைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா, சுற்றுலா போய்வந்த படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஏரிக்கரையில் அந்த அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பின்னால் படகுத்துறையில் யாரோ ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

டெய்லரம்மா அந்த முதுகைப் பார்த்தாள். சட்டை அவள் தைத்தது.

அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. யாரோ கொடுத்ததில் மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணி. முதுகின் மேல்பக்கத்துக்குத் துணி போதாமல், தோளிலிருந்து தோள்வரை பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்திருந்தாள். அப்படி ஒரு கோமாளிச் சட்டையை உலகத்தில் வேறு யாரும் தைத்திருக்க முடியாது. "சர்க்கஸ்ல சேத்துக்குவாங்க என்னை" என்று சொல்லிக்கொண்டேதான் அவரும் போட்டுக்கொள்வார். காணாமல் போன அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலிண்டர் சுமந்து சுமந்து அவருடைய இடது தோள் இறங்கிப்போயிருந்தது. அதனால் அவருக்கு எது தைத்தாலும் இடது பக்கத்தை ஒரு விரல் அளவு இறக்கித்தான் வெட்டுவாள். அவர் போட்டுக்கொண்டால் சட்டை நேராக உட்காரும். போட்டோவில் நேராக உட்காரவில்லை. இடது தோள் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தோரம் சுருக்கம் விழுந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும், இது வேறொரு ஆள் என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். டெய்லரம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"தோள் ஏறியிருக்கு. சுமை தூக்கறதை விட்டுட்டாரு. எங்கயோ நல்லாத்தான் இருக்காரு."

சொன்னதோடு நிற்கவில்லை. வெள்ளையில் பொடிக்கோடு போட்ட துணி எடுத்து, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, இரண்டு தோளையும் ஒரே மட்டத்தில் வெட்டி ஒரு புதுச் சட்டை தைத்தாள். அது இப்போது மலையில் அவர்கள் எடுத்த லாட்ஜ் அறையில், அவள் பையின் அடியில் இருக்கிறது.

விடிந்ததும் லாட்ஜில் முதல் சண்டை துண்டைப் பற்றி வந்தது.

"சித்தப்பா, லாட்ஜ் துண்டைக்கூடவா விட மாட்டீங்க?" என்று வாலு இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். பேச்சுக்கு மட்டும் வயசே கிடையாது.

துண்டு, போர்வை, முந்தின நாள் அவள் கழற்றி எறிந்த மேல்சட்டை எல்லாம் கட்டில்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சித்தப்பா வேலை. தெருவில் அவனை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே கடையைப் பலகை வைத்துப் பாதியாகத் தடுத்து, இந்தப் பக்கம் அண்ணி தைப்பாள், அந்தப் பக்கம் கொழுந்தன் தேய்ப்பான். அவன் மடிப்பு தனி மடிப்பு. சட்டைக் கையைப் பின்னால் திருப்பி, நெஞ்சுப் பை மேலே வரும்படி மடித்து, கடைசியில் அடி ஓரத்தை உள்ளே சொருகிவிடுவான். தூக்கி எறிந்தாலும் பிரியாது. பலகைக்கு அந்தப் பக்கம், தேய்க்கும் மேஜை முன்னால் நின்று அவனாகக் கண்டுபிடித்தது அது. மூட்டை கட்டும்போது கலையாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பான்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்றான் இஸ்திரி.

"அப்பாவும் நீங்களும் எப்படித்தான் ஒரே வயித்துல பிறந்தீங்களோ! அவர் சட்டையைக் கழட்டினா, கழட்டின இடத்துலயே விழும். அம்மா காலால தள்ளிட்டுப் போவாங்க."

டெய்லரம்மா சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது! இஸ்திரி சிரிக்கவில்லை.

இவன் முதலிலிருந்தே இந்தப் பயணத்துக்கு முட்டுக்கட்டைதான். "அது அண்ணன் இல்ல அண்ணி, விட்டுடுங்க" என்று அடித்துச் சொன்னான். "ஏன், உங்கண்ணன் திரும்பி வர்றது உனக்குப் பிடிக்கலையா?" என்று அவள் கேட்டதும் மறுநாளே மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். லாட்ஜில் அருவி தெரிகிற அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்த பின்பக்கத்து அறையை எடுத்துக்கொண்டான். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள் டெய்லரம்மா.

முதலில் கோயிலுக்குப் போனார்கள். ஏரிக்கு மேலே குன்றில் இருக்கிறது. மூச்சு வாங்க வைக்கிற படிகள். ஏற ஏற ஊர் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பச்சைச் சரிவு, எதிர் மலையில் உச்சியிலிருந்து விழுகிற அருவி. இந்த ஊரில் எங்கே நின்றாலும் அந்த அருவி கண்ணில் படும். வந்தவர்கள் எல்லாம் அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவரைத் தேடிக்கொண்டு வந்தவளுக்கு அழகு எதற்கு?

செருப்பு விடுகிற இடத்தில் இருந்த அம்மாளிடம் வாலு போனை நீட்டினாள்.

"முதுகைக் காட்டிக் கேட்டா எப்படிம்மா சொல்றது? எல்லா முதுகும் ஒரே மாதிரிதானே இருக்கும்."

"எல்லா முதுகும் ஒண்ணு இல்லீங்க" என்று டெய்லரம்மா சூடாகச் சொன்னாள். "உங்களுதுகூட வலது பக்கம் கொஞ்சம் தூக்கல்."

"அம்மா!" என்று வாலு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே கல்மண்டபம் ஜில்லென்று இருந்தது. டெய்லரம்மா கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. இன்றைக்கு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். ஆள் இருக்கிறாரா இல்லையா? இருந்து, அவளை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினாலும் சரி, அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிடுவாள். இப்படித்தான் மனசுக்குள் பேரம் பேசினாள். பாவி மனுஷி, எவ்வளவு குறைத்துக் கேட்டாள் பாருங்கள்.

வெளியே வந்தபோது இஸ்திரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அருவியைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கோயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அருவிக்குக் கிளம்பினார்கள். அடிவாரத்து டீக்கடை வரைக்கும் வந்த இஸ்திரி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. எனக்கு வயித்து வலி."

"காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல நீ. வலி எங்கேர்ந்து வந்துச்சு?"

"சாப்பிடாததாலதான் வலிக்குது போல." அவன் முகம் வெளுத்திருந்தது. "மேல வழுக்கும் அண்ணி. தண்ணி பக்கம் போகாதீங்க. வாலு, அம்மா கையை விடாத."

"சித்தப்பா, நான் என்ன கைக்குழந்தையா?" என்று சொல்லிக்கொண்டே அவள் படியேறிவிட்டாள்.

அருவியின் அடியில் சந்தைக்கூட்டம். கத்தலும் சிரிப்பும் தண்ணீர் இரைச்சலும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பாறையெல்லாம் துணி. பேன்ட், சட்டை, துண்டு எல்லாம் கழற்றிய கையோடு எறிந்தபடி கிடந்தன. டெய்லரம்மா குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு பெண் தன் புருஷனின் சட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இவளை முறைத்தாள். திருடி என்று நினைத்துவிட்டாள்.

இடப்பக்கம் பாறைக்கு மேலே இன்னொரு பாதை ஏறியது. குறுக்கே கயிறு கட்டி, போகக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

"மேல என்ன இருக்கு?" என்று டிக்கெட் கிழிக்கிறவரைக் கேட்டாள்.

"மடு. பாக்கக் குளம் மாதிரி அமைதியா இருக்கும்மா. ஆனா அடியில இழுக்கும். இழுத்தா நேரா ஏரியோட அடிக்குத்தான் போகணும்." அவர் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தெரியலையே. எப்ப காணாம போனாரு?"

"போன மழையில."

"மழையில அருவியை மூடிடுவோமே. யாரும் வர மாட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீறி வந்தவங்களும் உண்டு" என்றார். அதற்குமேல் சொல்லாமல் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

"அவர் வந்தது இங்க இல்ல, ஏரிக்கு" என்று டெய்லரம்மா வாலுவிடம் சொன்னாள். குரலில் ஒரு அவசரம் இருந்தது. "போட்டோ ஏரியிலதானே எடுத்தது? சும்மா இங்க வந்து நேரத்தை வீணாக்கிட்டோம். வா."

வெயில் சாய்கிற நேரத்தில் மூன்று பேரும் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். பலகை போட்ட துறை, ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சு. கூட்டம் வடிந்திருந்தது. வாடகைப் படகுகள் சில கரையில் முட்டிக்கொண்டு நின்றன. தூரத்தில் ஒரே ஒரு படகு, கடைசி சவாரியை அக்கரையில் இறக்கிவிட்டு, தனியாக வந்துகொண்டிருந்தது.

துடுப்பு போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் படகு கரையை நோக்கி வர வர, கரையில் நிற்பவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும்.

நீலக் கட்டம். தோளிலிருந்து தோள்வரை பழுப்புப் பட்டை.

"அம்மா..." வாலு விரலை நீட்டினாள். "அம்மா, அது அப்பா!"

டெய்லரம்மா பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா!" என்று வாலு கத்தினாள். ஏரிக்காற்று அந்தக் கத்தலை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. படகில் இருந்தவர் திரும்பவில்லை. "கேக்கல போல. அம்மா, நான் ஓடிப்போய் அந்தப் புதுச் சட்டையை எடுத்துட்டு வந்துடறேன். அப்பா இறங்கினதும் இதைக் கழட்டி எறிஞ்சுட்டு அதைப் போட்டுக்கட்டும். சர்க்கஸ் சட்டை வேணாம் இனிமே! வந்துடறேன், அவரை எங்கயும் போக விட்டுடாதீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். லாட்ஜ் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது.

"அண்ணி, போயிடலாம்" என்றான் இஸ்திரி.

"எங்க?"

"ஊருக்கு. இப்பவே. சொன்னாக் கேளுங்க அண்ணி."

"வாயை மூடு."

படகு வந்துகொண்டே இருந்தது. துடுப்பு எழுந்து விழும்போதெல்லாம் இரண்டு தோளும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து இறங்கின. இடது பக்கம் துணி இழுபட்டு, கழுத்தோரம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. ஆமாம், தோள் ஏறித்தான் இருக்கிறது, நேராகிவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டாள். பின்கழுத்தில் முடி இறங்கியிருக்கிறது, வெட்டிவிட ஆள் இல்லை. கருத்திருக்கிறார், இந்த வெயிலில் கருக்காமல் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. காது. அவர் காது இப்படியா இருக்கும்? எத்தனை வருஷம் பார்த்த காது, இப்போது பார்த்து ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறதே!

படகு மரப்பலகையில் முட்டியது. அந்த ஆள் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு எழுந்து திரும்பினார்.

வேறு யாரோ.

நல்ல முகம். அகல மூக்கு, நரைத்த மீசை, வெற்றிலைக் கறை படிந்த பல். "சவாரி முடிஞ்சுதும்மா. நாளைக்குத்தான்" என்றார்.

டெய்லரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். இதற்காகவா அந்த மலை ஏறினாள்? ஒரு முதுகை நம்பி, இடுப்பு ஒடியத் தைத்து, பெண்ணுக்கு ஆசை காட்டி, கூட்டிக்கொண்டு வந்தது இதற்காகவா? அழுகைகூட வரவில்லை. தோளைத்தான் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை. தையல்காரியின் கண் அவளை மோசம் செய்துவிட்டது.

"இந்தச் சட்டை..." என்றாள் கடைசியில். "உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

படகுக்காரர் சங்கடமாகச் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, உங்களுதா?"

"நான் தைச்சது. என் வீட்டுக்காரரோடது."

அவர் முகம் மாறியது. பட்டனை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஒரு பழைய பனியன். காற்றில் கை ரோமம் எழுந்து நின்றது.

"திருடலம்மா. சத்தியமா திருடல. போன மழைக்கு அப்புறம், அருவியைத் திறக்கறதுக்கு முன்னாடி, விறகு பொறுக்கப் போனேன். மேல மடுவுகிட்ட, பாறை இடுக்குல, மழை படாத இடமாப் பாத்து வெச்சிருந்துச்சு. யாராவது வருவாங்கன்னு ரொம்ப நாள் விட்டுப் பாத்தேன். யாரும் வரல. அப்புறம்தான் எடுத்தேன்."

"வெச்சிருந்துச்சா? கிடந்துச்சா?"

"வெச்சிருந்துச்சு. அழகா மடிச்சு. கசங்கிக் கிடந்திருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேம்மா. கடையில புதுசா வாங்கினது மாதிரி இருந்துச்சு. அடியை உள்ள சொருகி வெச்சிருந்தாங்க. பாறையிலேர்ந்து கீழ தூக்கிப் போட்டேன், பிரியவே இல்ல. இது என்னடா மடிப்புன்னு வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன்."

அவர் படகைக் கட்டத் துறையின் கோடிக்குப் போனார். டெய்லரம்மா மடியில் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இஸ்திரி நின்றிருந்தான்.

திரும்பாமலே சட்டையை அவன் பக்கம் நீட்டினாள்.

"மடி."

"அண்ணி..."

"மடிடா."

அவன் வாங்கினான். பெஞ்சின் மறுகோடியில் விரித்தான். உதறி, பட்டனைப் போட்டு, கவிழ்த்து, கையைப் பின்னால் திருப்பினான். கை நடுங்கவே இல்லை, அதுதான் கொடுமை. வருஷக்கணக்காகச் செய்த வேலை, அதுபாட்டுக்கு நடந்தது. நெஞ்சுப் பை மேலே வந்தது. அடி ஓரத்தைப் பிடித்து உள்ளே சொருகினான். சொருகிய பிறகுதான் தன் கையைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ கூட இருந்திருக்கே" என்றாள் டெய்லரம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணன்தான் கூப்பிட்டார் அண்ணி. வீட்டுல வேணாம், எங்கயாவது தூரமாப் போய்ப் பேசலாம்னார். எனக்கு ஹோட்டல்ல தேய்க்கிற வேலை இருக்குன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன். அருவி மூடியிருந்துச்சு. கயிறைத் தாண்டி மேல போயிட்டோம். அந்தப் பாறையில உக்காந்து பேசினோம். பேச்சு முத்திப்போச்சு. தலை சூடாயிடுச்சுன்னு சொல்லி, சட்டையைக் கழட்டி எம்மேல வீசிட்டு இறங்கினார். நான்..." அவன் வாய் கோணியது. "நான் சட்டையை மடிச்சுட்டிருந்தேன் அண்ணி. சொருகி, நனையாம பாறை இடுக்குல வெச்சுட்டு நிமிந்து பாத்தேன். ஆள் இல்ல."

அருவி தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இப்போதும் அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கத்தினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்துவரைக்கும் இறங்கினேன், பயந்துட்டு ஏறிட்டேன். யாராவது இருக்காங்களான்னு கீழ ஓடி வந்தேன். மழை. ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம் எப்படி பஸ் ஏறினேன்னே தெரியல."

"வந்து எங்கூட உக்காந்து சாப்பிட்டே" என்றாள் டெய்லரம்மா. "அன்னைக்கு ராத்திரி. மறுநாள். தினமும். நான் அவர் தட்டைக் கழுவிக் கழுவி வெச்சதைப் பாத்துட்டே சாப்பிட்டே. அவர் வருவார் வருவார்னு நான் உங்கிட்டதானே வந்து புலம்பினேன்? ஆஸ்பத்திரிக்கெல்லாம் எங்கூட வந்தியே, பொணத்தைக் காட்டினப்போ ஒவ்வொண்ணையும் இது இல்ல இது இல்லன்னு சொன்னியே. எப்படிடா முடிஞ்சுது உன்னால? நெஞ்சுல என்ன வெச்சிருக்கே?"

"சொல்லத்தான் அண்ணி வந்தேன் அன்னைக்கு. சத்தியமா சொல்லத்தான் வந்தேன். வாசல்ல வாலு நின்னுட்டிருந்தா. 'அப்பா எங்க சித்தப்பா?'ன்னு கேட்டா. 'வந்துடுவார்'னு வாயில வந்துடுச்சு. ஒரு தடவை சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல."

அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்று, அவள் வாயைப் பொத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. துறையின் கோடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி யாரைத் தேடுவது, யாருக்காகக் கதவைத் தாழ் போடாமல் படுப்பது? இத்தனை நாளும் கஷ்டம் என்று நினைத்தாளே, அந்தக் கஷ்டம்கூட இனிமேல் அவளுக்குக் கிடையாது.

"என்ன பேசினீங்க?" என்றாள், மூச்சு வந்த பிறகு.

இஸ்திரி மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"என்னடா பேசினீங்க அந்தப் பாறையில? வீட்டுல பேச முடியாத பேச்சு என்ன பேச்சு?"

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணி. கால்ல விழறேன். அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அன்னைக்கு நான் அவரோட சண்டையே போட்டேன்."

"அம்மா!"

வாலு ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் புதுச் சட்டை. மூச்சு இரைக்க வந்து நின்று, துறையில் கண்ணை ஓட்டினாள். பனியனோடு நின்ற ஆளைப் பார்த்தாள். பெஞ்சில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது.

"அவர் இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்ப சட்டை?"

"இவருக்கு எங்கயோ கிடைச்சுதாம்."

"சித்தப்பா ஏன் தரையில உக்காந்திருக்கார்?"

டெய்லரம்மா கொழுந்தனைப் பார்த்தாள். "வயித்து வலி" என்றாள்.

படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றார். மலையில் வெயில் போனால் ஜில்லிப்பு உடனே வந்துவிடும். டெய்லரம்மா எழுந்து, வாலுவின் கையிலிருந்த புதுச் சட்டையை வாங்கி, அவரிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோங்க. உங்க சட்டையை நான் வாங்கிட்டேன்ல."

"ஐயோ, வேணாம்மா, புதுசு!"

"போட்டுக்கோங்கன்னு சொல்றேன்ல."

அவர் கூச்சத்தோடு போட்டுக்கொண்டார். பட்டனைப் போட்டு, கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். டெய்லரம்மாவின் கை பழக்கத்தில் போய்க் கழுத்தைச் சரிசெய்து, இடது தோளை நீவிவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை.

"எனக்குன்னே அளவெடுத்து தைச்சது மாதிரி இருக்கும்மா" என்றார் படகுக்காரர் அதிசயப்பட்டு.

"ஆமா" என்றாள்.

"அம்மா, அது அப்பாவுக்குத் தைச்சதாச்சே!" வாலு அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரிக் கேட்டாள். "அப்ப அப்பா எங்கம்மா? எங்கதாம்மா இருக்கார்?"

இதோ, கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. ஏரி கண்ணெதிரே கிடந்தது, அதைக் கைகாட்டினால்கூடப் போதும். டெய்லரம்மா வாயைத் திறந்தாள்.

"வந்துடுவார்" என்றாள். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரிச்சுப் பாக்கலாம்."

தரையில் உட்கார்ந்திருந்த இஸ்திரி தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மடித்த சட்டையை எடுத்து இடுக்கிக்கொண்டு, பெண்ணைப் பிடித்துக்கொண்டு, லாட்ஜுக்கு நடந்தாள்.